வயதான ஆண்களின் சிறுநீர்த் தொல்லைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை, பிரஷர் பற்றி நாலு பேர் நடுவில் சத்தமாகப் பேசும் ஆண்கள், சிறுநீர்த் தொல்லையை மனைவியிடம்கூட மறைப்பார்கள். இங்கே உள்ள கேள்விகள் அப்படி மறைத்து வைத்திருந்து ஒருநாள் கேட்டுவிடுபவர்களும், அவர்களுக்காக அவர்களின் மனைவி, பிள்ளைகளும் கேட்பவை. நோயின் பெயர் என்ன, சுரப்பியின் அளவு என்ன என்பதெல்லாம் பிறகு. இந்தத் தொல்லையால் அந்த மனிதர் எதையெல்லாம் விட்டுவிட்டார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பதில்களையும் அந்தக் கண்ணோடுதான் எழுதியிருக்கிறேன்.

வயசானா இதெல்லாம் சகஜம்தானே? இதுக்குப் போய் டாக்டரைப் பார்க்கணுமா?

பலருக்கும் வருகிறது என்பது உண்மைதான். அறுபது வயதை நெருங்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் பிராஸ்டேட் சுரப்பி பெருக்கத் தொடங்கியிருக்கும். எண்பதைத் தாண்டியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்காவது அது இருக்கும். ஆனால் கண்புரையும் வயதானால் வருவதுதான். அதற்காக யாரும் பார்வை மங்கியபடியே காலத்தை ஓட்டுவதில்லை. சிறுநீர் விஷயத்தில் மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்?

பெரும்பாலான தொல்லைகளுக்கு நிவாரணம் உண்டு. முழுக்கப் போகாவிட்டாலும் இரவில் ஐந்து முறை எழுவது இரண்டாகக் குறைந்தாலே மனிதர் வேறு ஆளாகிவிடுவார். இன்னொரு காரணமும் இருக்கிறது: கவனிக்காமல் விட்டால் சிலருக்குச் சிறுநீர்ப்பை தன் சுருங்கும் பலத்தை இழந்துவிடும். அதன் பிறகு அடைப்பை நீக்கினாலும் முழுப் பலன் கிடைப்பதில்லை.

என்னென்ன தொல்லைகளை இதில் சேர்க்கலாம்?

மூன்று வகை. முதலாவது, சிறுநீரைச் சேர்த்துவைப்பதில் வரும் கோளாறு: அடிக்கடி போவது, வந்தால் அடக்க முடியாத அவசரம், இரவில் எழுவது, கழிப்பறைக்குப் போவதற்குள் கசிந்துவிடுவது. இரண்டாவது, வெளியேற்றுவதில் வரும் கோளாறு: நின்றால் உடனே வராது, முக்க வேண்டியிருக்கும், தாரை மெலிந்திருக்கும், விட்டு விட்டு வரும். மூன்றாவது, முடித்த பிறகு வருபவை: இன்னும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, நகர்ந்ததும் சொட்டுவது.

பெரும்பாலான ஆண்களுக்கு இவை கலந்தே இருக்கும். அனுபவத்தில் மனிதர்களை அதிகம் வதைப்பது முதல் வகை. மெலிந்த தாரையோடு ஒருவர் பல வருடம் நிம்மதியாக வாழ்ந்துவிடலாம். ‘எந்த நேரத்தில் அவசரம் வருமோ’ என்ற பயத்தோடு ஒரு வாரம் வாழ்வதே கடினம்.

ஸ்கேனில் பிராஸ்டேட் 60 கிராம் என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்த எண்ணை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். இளம் வயதில் சுமார் 20 கிராம் இருக்கும் சுரப்பி வயதோடு வளர்கிறது. ஆனால் அளவுக்கும் தொல்லைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 80 கிராம் சுரப்பியோடு இரவு முழுக்கத் தூங்குபவர் உண்டு. 30 கிராம் சுரப்பியோடு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுபவரும் உண்டு. சுரப்பி எந்தத் திசையில் வளர்கிறது, சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசை எவ்வளவு இறுகியிருக்கிறது, பையின் தசை எந்த நிலையில் இருக்கிறது என்பவைதான் தொல்லையைத் தீர்மானிக்கின்றன.

அளவு பயன்படுவது வேறு இடத்தில்: எந்த மாத்திரை பலன் தரும், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் எந்த முறை பொருந்தும் என்று முடிவு செய்ய. அந்த ஸ்கேனிலேயே, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் பார்த்திருப்பார்கள். 60 கிராமைவிட நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்த எண்ணைத்தான்.

இது ஒரு மனிதரின் வாழ்க்கையை உண்மையில் எந்த அளவுக்குப் பாதிக்கிறது?

வெளியே தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பாதிக்கிறது. அதனால்தான் அவருக்கே தெரிவதில்லை.

முதலில் பேருந்துப் பயணம் போகும். வழியில் நிறுத்த மாட்டார்களே என்ற பயம். பிறகு கல்யாண வீட்டில் ஓர இருக்கையாகப் பார்த்து உட்காருவார். கொஞ்ச நாளில் ‘நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு முடியல’ என்பார். நண்பர்களோடு காலையில் நடக்கப் போனவர், கழிப்பறை இல்லாத பாதை என்பதால் மாடியிலேயே நடக்கத் தொடங்குவார். புதிய இடத்துக்குப் போனால் அவர் கண் முதலில் தேடுவது கழிப்பறையைத்தான். வெளிர் நிற பேன்ட்டுகள் அலமாரியின் அடிக்குப் போய்விடும், ஈரம் தெரிந்துவிடும் என்று. கிளம்பும் முன் ஒருமுறை, செருப்பை மாட்டும்போது இன்னொருமுறை, ‘எதுக்கும் போய்ட்டு வந்துடறேன்’ என்று படியிலிருந்து திரும்பி இன்னொருமுறை.

இவை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். சேர்த்துப் பார்த்தால், இரண்டு மூன்று வருடத்தில் ஒரு மனிதரின் உலகம் அவருடைய வீட்டுக் கழிப்பறையைச் சுற்றிய சில அடிகளாகிவிடுகிறது. குடும்பத்தார் ‘அப்பா முன்ன மாதிரி இல்ல, யார்கூடவும் ஒட்டறதில்ல’ என்று குணத்தைக் குறை சொல்வார்கள். காரணம் குணத்தில் இல்லை.

தூக்கம் கெடுவதால் பகலில் சோர்வு, எரிச்சல், கவனக் குறைவு. இந்தத் தொல்லைகள் கடுமையாக இருப்பவர்களிடம் மனச்சோர்வும் அதிகம் காணப்படுகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரவு அவசரத்தில் இருட்டில் எழுந்து ஓடும்போது விழுவது இன்னொரு ஆபத்து. முதிய வயதில் இடுப்பெலும்பு முறிந்தால், முன்பு போல் தனியாக நடமாடும் நிலைக்குத் திரும்ப முடியாமல் போகிறவர்கள் நிறைய. எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்ப்பார்கள். அவரை அந்த நேரத்தில் எழுப்பியது எது என்று கேட்க மறந்துவிடுவார்கள்.

கூடப் படுத்திருக்கும் மனைவியின் தூக்கமும் கெடுகிறது. ஒவ்வொரு முறை விளக்கு போடும்போதும் அவரும் விழிக்கிறார். விழுந்துவிடுவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு, திரும்பி வந்து படுக்கும் வரை கண்மூடாமல் கிடக்கிறார்.

இந்தத் தொல்லையை எண்ணில் அளக்க முடியுமா?

முடியும். உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது: சர்வதேச பிராஸ்டேட் அறிகுறி மதிப்பெண், சுருக்கமாக ஐ.பி.எஸ்.எஸ். அமெரிக்க யூராலஜி சங்கம் 1992இல் உருவாக்கிய கேள்விகளிலிருந்து வந்தது. முழுதாகக் காலியாகாத உணர்வு, அடிக்கடி போவது, விட்டு விட்டு வருவது, அவசரம், மெலிந்த தாரை, முக்குவது, இரவில் எழுவது என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. ஏழு வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20ம் அதற்கு மேலும் கடுமையானது.

எனக்கு மிகவும் பிடித்தது இதோடு சேர்த்துக் கேட்கப்படும் எட்டாவது கேள்வி. ‘இப்போது இருப்பது போலவே மிச்ச வாழ்நாள் முழுக்க இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?’ மிக்க மகிழ்ச்சி என்பதற்கு 0, தாங்கவே முடியாது என்பதற்கு 6. இந்த ஒரு கேள்விக்கு உண்மையாகப் பதில் சொன்னால் சிகிச்சையின் பாதி முடிவாகிவிடும். ஏழு கேள்விகளில் 18 வாங்கியவர் எட்டாவதில் 1 போட்டால், காத்திருந்து பார்க்கலாம். 9 மட்டும் வாங்கியவர் 5 போட்டால், அவருக்கு உடனே ஏதாவது செய்ய வேண்டும்.

இரவில் நான்கைந்து முறை எழுகிறேன். பிராஸ்டேட் மாத்திரை எடுத்தும் குறையவில்லையே?

நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இரவில் எழுவது என்றாலே பிராஸ்டேட் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரங்களில் பிராஸ்டேட் ஒன்றும் செய்திருக்காது.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, சிறுநீர் நாட்குறிப்பு. அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கழிப்பறையில் வைத்துக்கொண்டு, மூன்று நாட்களுக்கு, போகும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் அளவையும் எழுத வேண்டும். ஒருவரின் தாளில் இரவு 12 மணிக்கு 350 மி.லி., 2 மணிக்கு 300, 4 மணிக்கு 300, காலையில் எழுந்ததும் 250 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். இன்னொருவரின் தாளில் அதே நேரங்களில் 90, 70, 110, 80. இருவரும் எழுந்தது ஒரே எண்ணிக்கை. ஆனால் இரண்டும் வேறு வேறு நோய்.

இரண்டாமவருக்குப் பையில்தான் கோளாறு: கொஞ்சம் சேர்ந்ததுமே அவசரப்படுத்துகிறது, அல்லது சரியாகக் காலியாவதில்லை. முதலாமவரின் பை நன்றாகவே வேலை செய்கிறது. அவருடைய உடல் இரவில் அதிகமாகச் சிறுநீரை உற்பத்தி செய்கிறது. 65 வயதுக்கு மேல், ஒரு நாளின் மொத்தச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூங்கும் நேரத்தில் சேர்ந்தால் அதை இரவு நேர மிகைச் சிறுநீர் என்பார்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதற்குக் காரணங்கள் பல. மாலையில் கால் வீங்குகிறதா என்று பாருங்கள். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி விழுந்தால், பகல் முழுக்கக் காலில் தேங்கிய நீர் இரவு படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது என்று அர்த்தம். இதயம் பலவீனமாக இருந்தாலும் இப்படி ஆகும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையாலும் சிலருக்குக் கால் வீங்கும். அப்படியானால் மாற்ற வேண்டியது பிரஷர் மாத்திரையைத்தான், ஆனால் மருத்துவரிடம் கேட்டுத்தான். பிற்பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுப்பதும், பகலில் அழுத்தக் காலுறை போடுவதும் உதவும்.

இன்னொன்று குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு இதயம் ஒரு ஹார்மோனைச் சுரந்து சிறுநீரைக் கூட்டுகிறது. அந்த மூச்சுத் தடைக்குச் சிகிச்சை எடுத்ததும் இரவில் எழுவது தானாகக் குறைந்தவர்கள் உண்டு. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, சர்க்கரைக்குத் தரும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரைகள், மாலையில் போடும் நீர் மாத்திரை எல்லாமே கணக்கில் வரும். நீர் மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த ஒரு மாற்றமே சிலருக்குப் போதும்.

இரவுச் சிறுநீரைக் குறைக்க டெஸ்மோபிரெசின் என்ற மருந்தும் இருக்கிறது. முதியவர்களுக்கு அது ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

எத்தனை முறை எழுகிறோம் என்பதைவிட, முதல்முறை எப்போது எழுகிறோம் என்பதும் முக்கியம். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பகுதியில்தான் இருக்கிறது. பத்து மணிக்குப் படுத்தவர் இரண்டு மணி வரை தொடர்ந்து தூங்கிவிட்டால், பிறகு இரண்டு முறை எழுந்தாலும் காலையில் ஓரளவு தெளிவாக இருப்பார்.

அப்படியானால் தண்ணீரைக் குறைத்துவிடலாமா?

மாலைக்குப் பிறகு குறைக்கலாம். நாள் முழுக்கக் குறைக்காதீர்கள். நீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி பையை இன்னும் எரிச்சல்படுத்தும். மலச்சிக்கல் வரும், நிரம்பிய மலக்குடல் சிறுநீர் வெளியேறுவதைத் தடுக்கும். கிருமித் தொற்றும் கல்லும் வரும் வாய்ப்பு கூடும். காலையிலும் பிற்பகலிலும் வழக்கமான அளவு குடித்துவிட்டு, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு நிறுத்திக்கொள்வது நல்லது. காபி, டீ, மது மூன்றும் அவசரத்தைத் தூண்டுபவை. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

வீட்டு வாசலில் சாவி போடும்போதே அடக்க முடியாமல் போகிறது. இதற்கு என்ன செய்வது?

அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். ஓடினால் இன்னும் கூடும், விழும் ஆபத்தும் உண்டு. அப்படியே நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். வாயு வெளியேறாமல் அடக்கும்போது இறுக்குவோமே, அந்தத் தசையை ஐந்தாறு முறை சட்டென்று இறுக்கித் தளர்த்துங்கள். மனதை வேறு எதிலாவது வையுங்கள், நூறிலிருந்து பின்னோக்கி எண்ணுவது போல. அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் அந்த வேகம் தணியும். தணிந்த பிறகு நிதானமாக நடந்து போங்கள்.

இதோடு பைக்குப் பயிற்சியும் வேண்டும். இப்போது ஒரு மணிக்கு ஒருமுறை போகிறீர்கள் என்றால், இந்த வாரம் ஒன்றேகால் மணி, அடுத்த வாரம் ஒன்றரை மணி என்று இடைவெளியைக் கூட்ட வேண்டும். இரண்டரை, மூன்று மணி நேரம் தாங்கினால் வெளியூர்ப் பயணமே சாத்தியமாகிவிடும். ‘எதுக்கும் போய்ட்டு வந்துடலாம்’ என்று தேவையில்லாமல் போவதை நிறுத்துவது இதில் பெரிய பங்கு. அப்படிப் போகப் போக, கொஞ்சம் சேர்ந்தாலே பை கூப்பிடப் பழகிவிடும். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். ஆனால் சரியாக வெளியேறாமல் பையில் தேங்குபவர்கள் இந்தப் பயிற்சியைச் செய்யக் கூடாது. முதலில் ஸ்கேன் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

போய்விட்டு வந்து பேன்ட்டைச் சரிசெய்ததும் சில சொட்டுகள் ஒழுகுகின்றன. அவமானமாக இருக்கிறது.

இது ஆபத்தில்லாதது, மிகவும் பொதுவானது. சிறுநீர்க் குழாயின் வளைந்த பகுதியில் தங்கும் சில சொட்டுகள்தான் பிறகு வெளியே வருகின்றன. முடித்ததும் சில நொடி காத்திருங்கள். பிறகு விதைப்பைக்குப் பின்னால், ஆசனவாய்க்கு முன்னால் உள்ள இடத்தில் இரண்டு விரல்களால் மெதுவாக மேல்நோக்கி அழுத்தி, அப்படியே முன்பக்கமாக நீவி விடுங்கள். இரண்டு முறை செய்தால் தங்கியிருப்பது வெளியே வந்துவிடும். குலுக்கினால் மட்டும் அது வெளியே வராது. இவ்வளவுதான் வைத்தியம், தெரியாததால் வருடக் கணக்கில் கூசிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

உட்கார்ந்து போனால் நல்லதா?

பிராஸ்டேட் தொல்லை உள்ளவர்களுக்கு நல்லது. நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 2014இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இவர்கள் உட்கார்ந்து போகும்போது பையில் தங்கும் மிச்சம் குறைவதாகத் தெரிந்தது. தொல்லை இல்லாத ஆண்களுக்கு வித்தியாசம் இல்லை. இரவில் தலைசுற்றி விழாமல் இருக்கவும் உட்காருவதே பாதுகாப்பு.

மாத்திரைகளில் எது எதற்கு?

டாம்சுலோசின், சிலோடோசின், அல்ஃபுசோசின் போன்றவை சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையைத் தளர்த்துபவை. சில நாட்களிலேயே பலன் தெரியும். சுரப்பியின் அளவைக் குறைக்காது. எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம். எனவே கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். கண்புரை அறுவை செய்யப் போகிறவர்கள் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவையின்போது கருவிழித் திரை தளர்ந்து சிக்கல் தரும் என்பது 2005 முதல் தெரிந்த விஷயம். நிறுத்திவிட்ட பிறகும் சொல்ல வேண்டும்.

ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு இரண்டும் சுரப்பியையே சுருக்குபவை. பெரிய சுரப்பிக்குத்தான் பொருந்தும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டு ‘கேட்கல’ என்று சொல்வது நியாயமில்லை. 1998இல் வெளியான நான்கு ஆண்டு ஆய்வொன்றில், ஃபினாஸ்டரைடு எடுத்தவர்களுக்குத் திடீர் அடைப்பும் அறுவைத் தேவையும் பாதிக்கும் கீழே குறைந்தன. பிராஸ்டேட் புற்றுநோயைச் சோதிக்க ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவை இவை பாதியாகக் காட்டும் என்பதைப் பரிசோதனை பார்ப்பவருக்குச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால், இருக்கும் ஒரு புற்றுநோய் கண்ணில் படாமல் போகலாம்.

அவசரத்தைக் குறைக்க ஆக்சிபியூட்டினின் வகை மாத்திரைகள் உண்டு. வாய் உலரும், மலம் இறுகும். முதியவர்களுக்கு மறதியும் குழப்பமும் வரலாம் என்பதால், எழுபதைத் தாண்டியவருக்கு இதை எழுதினால் மாற்று உண்டா என்று கேளுங்கள். மிராபெக்ரான் என்பது இன்னொரு வகை. மூளையை அந்த அளவு பாதிக்காது, ஆனால் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சா பால்மெட்டோ என்ற மூலிகை கேப்சூல் உலகம் முழுக்க விற்கிறது. 2006இலும் 2011இலும் அமெரிக்காவில் வெளியான இரண்டு தரமான ஆய்வுகளில் அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட எந்தக் கூடுதல் பலனும் தரவில்லை. காசை மிச்சப்படுத்துங்கள்.

சளி மாத்திரை போட்ட பிறகு சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டது. தொடர்பு உண்டா?

நிச்சயம் உண்டு. மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின் பையின் கழுத்தை இறுக்கும். குளோர்பெனிரமைன் போன்ற ஒவ்வாமை மாத்திரைகள் பைத்தசையைத் தளர்த்திவிடும். ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு இது போதும். பிராஸ்டேட் பிரச்சினை இருப்பதைச் சொல்லாமல் கடையில் சளி மாத்திரை வாங்கவே கூடாது.

தாம்பத்தியத்தையும் இது பாதிக்குமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பாதிக்கும், கூச்சப்பட வேண்டாம். ஏழு நாடுகளில் 50 முதல் 80 வயது வரை உள்ள ஆண்களிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், சிறுநீர்த் தொல்லை கூடக் கூட தாம்பத்தியச் சிக்கலும் கூடுவது தெரிந்தது. வயது, சர்க்கரை, இதய நோய் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு நின்றது. அந்த வயதிலும் பெரும்பாலோர் தாம்பத்திய வாழ்வில் இருந்தார்கள் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ‘இந்த வயசுல எதுக்கு’ என்று யாராவது சொன்னால் அதைக் காதில் வாங்க வேண்டாம்.

சிகிச்சையாலும் மாற்றம் வரலாம். டாம்சுலோசினும், அதைவிட அதிகமாகச் சிலோடோசினும், விந்து வெளியே வராமல் செய்யக்கூடும். ஆபத்தில்லை, நிறுத்தினால் சரியாகும். ஃபினாஸ்டரைடு சிலருக்கு ஆசையையும் விறைப்பையும் குறைக்கிறது. தினமும் எடுக்கும் 5 மி.கி. டாடலாஃபில் இரண்டு பிரச்சினைக்கும் சேர்த்தே உதவும். ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகச் சரிந்துவிடும். மருந்து தொடங்கும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். பின்னால் தெரிந்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம்.

ஆபரேஷன் எப்போது? அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடுமா?

மாத்திரைக்குக் கட்டுப்படாத தொல்லை, திரும்பத் திரும்ப அடைப்பு, பையில் கல், அடிக்கடி தொற்று அல்லது ரத்தம், சிறுநீரகம் பாதிப்பு என்றால் அறுவை பற்றி யோசிக்க வேண்டும். சிறுநீர்த் துவாரம் வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரப்பியைச் செதுக்கி எடுக்கும் டர்ப் முறை நீண்ட காலமாக இருக்கிறது. பெரிய சுரப்பிக்கு ஹோல்மியம் லேசர் முறை நன்றாக உதவும். தாரை பெரும்பாலும் உடனே சீராகும். அவசரம் மட்டும் தணிய சில வாரங்கள், சில மாதங்கள்கூட ஆகலாம். சிலருக்கு மிச்சம் இருந்துவிடும். பெரும்பாலோருக்கு அதன் பின் விந்து வெளியே வராது. இதை ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும் முன் கணவன் மனைவி இருவருக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

இது கேன்சராக மாறுமா?

மாறாது. சாதாரண வீக்கமும் புற்றுநோயும் ஒரே சுரப்பியில் வரும் இரண்டு வேறு நோய்கள். ஆரம்பநிலைப் பிராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் எந்தச் சிறுநீர்த் தொல்லையும் தராது என்பதால், தொல்லை இருப்பது புற்றுநோய்க்கு அடையாளம் அல்ல. இல்லாதது பாதுகாப்புக்கும் அடையாளம் அல்ல. பி.எஸ்.ஏ. பரிசோதனை வேண்டுமா என்பதை மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். தொற்று இருக்கும்போதும் சிறுநீர் வடிய டியூப் போட்ட உடனேயும் அந்த அளவு ஏறிக் காட்டும்.

என் கணவர் ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

‘உங்களுக்கு யூரின் பிரச்சினை இருக்கு’ என்று தொடங்கினால் பேச்சு அதோடு முடிந்துவிடும். உங்கள் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: ‘நீங்க ராத்திரி எழுந்து போறப்ப விழுந்துடுவீங்களோன்னு எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. எனக்காக ஒரு தடவை காட்டுவோம்.’ பிள்ளைகள், மருமகள் முன்னால் பேசாதீர்கள். மருத்துவரிடம் கூடவே போங்கள். ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால் அவர் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பார். பக்கத்து நாற்காலியிலிருந்து நீங்கள் ‘போன தீபாவளிக்கு மக வீட்டுக்கே வரலை டாக்டர்’ என்று ஒரு வரி சொன்னால் போதும். அதன் பிறகு அவரே பேசத் தொடங்குவார். தனியாகப் பேச விரும்பினால் வெளியே வந்துவிடுங்கள்.

அப்பாவுக்கு மறதி நோய். படுக்கையிலேயே போய்விடுகிறார். திட்டியும் பயனில்லை.

திட்டாதீர்கள், அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கழிப்பறை எங்கே என்று தெரியாமல், பேன்ட் பட்டனைக் கழற்றத் தெரியாமல் நேர்வதே அதிகம். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை நீங்களே அழைத்துப் போங்கள். கதவைத் திறந்தே வையுங்கள், இரவில் வழியெல்லாம் சின்ன விளக்கு எரியட்டும். வேட்டியோ எலாஸ்டிக் வைத்த பைஜாமாவோ போதும். படுக்கைக்குப் பக்கத்தில் யூரின் பாட்டில் வைக்கலாம். டயப்பர் போட்டால் நனைந்ததும் மாற்றிவிட வேண்டும்; தோல் புண்ணானால் அதுவே தனி வேதனை.

ஒரு எச்சரிக்கை. மறதி இல்லாத முதியவர் புதிதாகப் படுக்கையை நனைக்கத் தொடங்கினால், அதை வயசு என்று விட்டுவிடக் கூடாது. வலியே இல்லாமல் பை நிரம்பி வழிவதாக இருக்கலாம். உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். அந்த வாரத்திலேயே ஸ்கேனும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும்.

எப்போது காத்திருக்காமல் ஓட வேண்டும்?

முட்டிக்கொண்டு வருகிறது, ஆனால் ஒரு சொட்டுகூட வரவில்லை, அடிவயிறு வலிக்கிறது என்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். டியூப் போட்டதும் வலி நின்றுவிடும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் சிறுநீர்த் தொல்லையும் சேர்ந்தால் அன்றே பார்க்க வேண்டும். ஒரே ஒருமுறை, வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்து நின்றுவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும். பை, சிறுநீரகப் புற்றுநோய்கள் பெரும்பாலும் அப்படித்தான் முதலில் தலைகாட்டும். முதுகுவலியோடு கால் பலவீனமாகி, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போய், சிறுநீரும் நின்றால் தண்டுவட நரம்புகள் நசுங்குகின்றன. அதில் மணிக்கணக்குகூட முக்கியம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எதைக் கொண்டுபோக வேண்டும்?

மூன்று நாள் நாட்குறிப்பு. எடுக்கும் எல்லா மாத்திரைகளும், அட்டையோடு. சர்க்கரை, பிரஷர், தூக்கம், சளி, மூலிகை எதையும் விடாமல். பழைய ஸ்கேன், பி.எஸ்.ஏ., கிரியேட்டினின் முடிவுகள். போகும் முன் சிறுநீர்ப்பையை முழுக்கக் காலி செய்துவிடாதீர்கள். சிறுநீர் வேகத்தை அளக்கவும் ஸ்கேன் எடுக்கவும் அது நிரம்பியிருக்க வேண்டும்.

இவற்றோடு ஒரு தாளில், இந்தத் தொல்லை வந்த பிறகு நீங்கள் நிறுத்திவிட்ட காரியங்களை எழுதிக்கொண்டு போங்கள். நடைப்பயிற்சி, பேரப்பிள்ளையின் பள்ளி விழா, கோயில், ரயில் பயணம் என்று எதுவாக இருந்தாலும். அதில் எதை முதலில் திரும்பப் பெற வேண்டும் என்று ஒன்றைக் குறித்து, ‘டாக்டர், எனக்கு இது வேணும்’ என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்துப் போகும்போது அதே தாளை எடுத்துப்போய், மருந்து வேலை செய்ததா இல்லையா என்று அதை வைத்துப் பேசுங்கள்.